டாட் மேட்ரிக்ஸில் லாம்டா வருமா?

மதுரைப் பக்கம் டியூஷன் சென்டர்களிலும் ஜாப் டைப்பிங் கடைகளிலும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் (ஊசிகளால் ரிப்பனைக் குத்திப் புள்ளி புள்ளியாக அடிப்பவை) இன்னும் ஓடுகின்றன. பில் போட, விலாசம் அடிக்க எந்தக் குறையும் இல்லை. லாம்டா மாதிரிக் கிரேக்கக் குறியீடுகள் வரும் பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாள் என்று யாராவது வந்தால்தான் வம்பு.

முதல் வழி, பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் எழுத்துகள். ஐபிஎம் எழுத்து அட்டவணையில் (கோட் பேஜ் 437) ஆல்பா, பை, சிக்மா, டெல்டா எல்லாம் உண்டு. பக்கம் சடசடவென்று முடிந்துவிடும், கார்பன் வைத்து நகலும் எடுக்கலாம். ஆனால் அலைநீளத்துக்கு லாம்டா கிடையாது. கோணத்துக்குப் பெரிய தீட்டாதான் இருக்கிறது. சின்ன ஒமேகாவும் இல்லை, பெரியதைப் போட்டால் பையன் ஓம் என்று படிப்பான். தொகையிடல் குறி மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு எழுத்தாக இருக்கும். வரி இடைவெளியைக் குறைக்காவிட்டால் பல மெஷின்களில் இரண்டும் ஒட்டாது.

இன்னொரு கூத்தும் உண்டு. பழைய எப்சன் பிரிண்டர்களில் டிப் சுவிட்ச் (அமைப்பை மாற்றும் குட்டிச் சுவிட்ச்) ஐபிஎம் அட்டவணைக்கு மாறாமல் இருந்தால், அதே இடங்களில் சாய்வெழுத்துகள் உட்கார்ந்திருக்கும். சாய்வெழுத்தின் எண், அதன் சாதாரண எழுத்தின் எண்ணோடு 128 கூட்டியது. அட்டவணையில் பையின் (π) எண் 227. அதில் 128 போனால் 99, அதாவது ஆங்கில ‘சி’ (c). வட்டத்தின் பரப்பு கேட்ட இடத்தில் சாய்ந்த ‘சி’ வந்து நிற்கும்.

இரண்டாவது, பக்கம் முழுவதையும் படமாக அனுப்புவது. டெக் (TeX) என்ற கணித அச்சுக்கோப்பு மென்பொருளில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கி, பிரிண்டரின் சொந்த டிரைவர் வழியாக அடித்தால் இதுதான் நடக்கிறது. (எழுத்துகளை மட்டும் அனுப்பும் ‘டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைப் போட்டால் பழையபடி முதல் வழிதான்.) எப்சன் எல்எக்ஸ் போன்ற 9 ஊசி மெஷினில் ஊசிகளுக்கு இடையே 1/72 அங்குலம். அதில் அடுக்குக்குறி வெறும் பொட்டாகிவிடும். அதனால் தாளை 1/216 அங்குலம் நகர்த்தி நகர்த்தி ஒரே பட்டையை மூன்று முறை அடிக்க வேண்டும். நேரமும் ரிப்பனும் கரையும், சத்தம் காதைப் பிளக்கும். எப்சனின் 24 ஊசி எல்க்யூவில் ஒரே ஓட்டத்தில் அங்குலத்துக்கு 180 புள்ளி. வினாத்தாளுக்கு அது தாராளம்.

பழைய லேசர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடலாம் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஏ4 பக்கம் முழுவதையும் 300 புள்ளியில் படமாக வைக்க ஒரு எம்பிக்கு மேல் நினைவகம் வேண்டும். 1984இல் வந்த முதல் எச்பி லேசர்ஜெட்டில் இருந்தது 128 கேபி. 1987இன் லேசர்ஜெட் இரண்டாம் மாடலில் 512 கேபி. பாதிப் பக்கம் ஒரு தாளிலும் மீதி அடுத்த தாளிலும் விழும். டாட் மேட்ரிக்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பக்கத்தை அது மனதில் வைத்துக்கொள்வதில்லை, வந்த வரியை அடித்துவிட்டு மறந்துவிடும். அதற்கு வசதியுள்ள லேசரில் கிரேக்க எழுத்துகளை ஃபாண்டாக இறக்கினால் அல்லது கூடுதல் நினைவக அட்டை செருகினால் அழகான பக்கம் வரும்.

டெய்சி வீல் (சக்கரத்தில் பொறித்த எழுத்துகளைத் தட்டி அடிக்கும் பிரிண்டர்) பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு லாம்டாவுக்கும் சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பொறுமை வேண்டும்.

என் ஓட்டு 24 ஊசிக்குத்தான், படமாக. 9 ஊசிதான் இருக்கிறது, நாலைந்து குறியீடுதான் வருகிறது என்றால் முதல் வழியிலேயே இடம்விட்டு அடித்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதியில் லாம்டாவைக் கறுப்புப் பேனாவால் போட்டு அப்புறம் ஜெராக்ஸ் எடுத்தால் போதும்.