பாளையங்கோட்டையில் வாங்கிய கஞ்சா விதை: ஒரு மாத அனுபவம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய தெருவொன்றில் சிறுதானியமும் செக்கெண்ணெயும் விற்கும் கடையில், கம்பு அவலுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே அடுக்கியிருந்த 250 கிராம் பொட்டலத்தைப் பற்றியே இந்த மதிப்புரை. விலை 420 ரூபாய். கடைக்காரர் மீது குறை ஒன்றும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதற்குறை பொட்டலத்தின் பெயரிலேயே இருக்கிறது. ‘ஹெம்ப் சீட்’ என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே தமிழில் ‘சணல் விதை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நடவுக்கு முன் தழையுரமாக விதைத்து மடக்கி உழுகிற சணப்பையும், சாக்கு நெய்கிற சணலையும் அறிந்த ஊரில் இந்தப் பெயர் குழப்பத்தையே தரும். இரண்டுமே கஞ்சாவிலிருந்து வேறான செடிகள். சணப்பு விதை மனிதர் உண்ணத் தக்கதும் அன்று. உள்ளே இருப்பது தோல் நீக்கிய கஞ்சா விதை. அந்தச் சொல்லை அச்சிட்டால் விற்காது என்ற அச்சம் புரிகிறது, ஆனாலும் உர டிப்போவில் கிடைக்கும் சணப்பு விதையை யாராவது வாங்கி வறுத்துவிட்டால் பொறுப்பு யாருடையது?

கஞ்சா விதையைக் கடையில் வைத்து விற்கலாமா என்பதே வீட்டில் எழுந்த முதல் கேள்வி. விற்கலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ‘கஞ்சா’ என்று வரையறுப்பது அச்செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான். அந்த நுனிகளோடு சேராமல் தனியே இருக்கும் விதையையும் இலையையும் அந்த வரையறை விலக்கி வைக்கிறது. விதை, விதையெண்ணெய், விதைமாவு ஆகியவற்றை உணவாக விற்பதற்கான தர விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்டது. அதன்படி ஒரு கிலோ விதையில் போதை தரும் டி.எச்.சி. 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நான் வாங்கிய பொட்டலத்தில் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தன. இலைப் படம் எதுவும் இல்லை. தயாரிப்பாளரின் முகவரி உத்தராகண்டில் இருந்தது, அதற்கும் காரணம் உண்டு. சாகுபடிக்கு அனுமதி தரும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் போதை குறைந்த வகையைப் பயிரிட உரிமம் வழங்கத் தொடங்கியது, தமிழ்நாடு அந்த வழியில் செல்லவில்லை. தின்னும் விதை வடக்கிலிருந்து வந்தால் குற்றமில்லை. முளைக்கும் விதையைக் கொல்லைப்புறத்தில் ஊன்றினால் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வைத்திருப்பது பூ நுனியானால் ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. அந்த நுனியை விற்பவர்மீது 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் பாயலாம், ஏனெனில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட என் அத்தை, “போலீஸ் வந்தா நான் வாயில வைக்கலன்னு சொல்லிருவேன், மருமகனே” என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். மூன்றாம் நாள் இட்லிப் பொடியில் எள்ளுக்குப் பதிலாக அதை அரைத்துப் போட்டதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு இட்லி கூடுதலாகவே உள்ளே போயிற்று.

சுவை நன்றாகவே இருக்கிறது. பச்சையாக மென்றால் முந்திரிப் பருப்பின் மென்மையும் லேசான புல்வாசமும் தெரிகின்றன. வெறும் சட்டியில் அரை நிமிடம் புரட்டினால் அந்த வாசம் போய்விடும், ஒரு நிமிடம் விட்டால் கசந்துவிடும். ஏறத்தாழப் பாதி எடை கொழுப்பு என்பதால் மிக்சியில் பொடியாகாமல் பசையாகத் திரள்கிறது. உளுத்தம்பருப்போடு சேர்த்து அரைத்தால்தான் உதிரியாக வரும். நூறு கிராமில் முப்பது கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. இந்த விலைக்கு அது பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். எள்ளும் நிலக்கடலையும் கைக்கு எட்டும் ஊரில் இருக்கிறோம். போதை? எள்ளளவும் இல்லை.

கடைக்காரர் மீதான குறை எண்ணெய் தொடர்பானது. மூட்டுவலியைப் பற்றி நான் பேச்செடுத்ததும், “இலையில எடுத்த தைலம் இருக்கு அண்ணாச்சி, வரவழைச்சுத் தாரேன், எல்லாம் லீகல்தான்” என்றார். விதையெண்ணெய் வேறு, இலைச்சாறு கலந்த தைலம் வேறு. பின்னது மருந்து, மருந்து விதிகளில் நச்சுப் பொருள்களுக்கான ‘இ-1’ அட்டவணையில் சித்த மருத்துவப் பட்டியலின் கீழ் கஞ்சாவும் இருக்கிறது, அதனால் உட்கொள்ளும் மருந்தானால் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அதன் அட்டையில் இருந்தாக வேண்டும். அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிற ஊரில், கோரக்கர் மூலி என்று சித்தர் மரபு பெயரிட்ட பொருளைச் சிறுதானியத்தோடு சேர்த்துச் சிபாரிசு செய்வது முறையன்று. மத்தியச் சட்டத்தின் வரையறையில் இலை இல்லை என்பதை வைத்துத் தமிழ்நாட்டில் இலைக்குத் தடையில்லை என்று முடிவுகட்டவும் முடியாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதை மருந்துகளையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. சில வட மாநிலங்களில் ‘பாங்கு’ எனப்படும் அரைத்த கஞ்சா இலையை விற்கும் உரிமம் பெற்ற கடைகள் உண்டு. இங்கே அந்த வழக்கம் இல்லை. இவற்றைச் சொன்னபோது அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

விதைக்கு ஐந்தில் மூன்றரை தருகிறேன், அரை மதிப்பெண் குறைந்தது அந்தத் தமிழ்ப் பெயரால். அடுத்த பொட்டலம் வாங்கியாயிற்று. தைலத்துக்குச் சித்த மருத்துவமனையில் சீட்டுப் போட்டுக் காத்திருக்கிறேன்.