கடைவீதிக் கொரியன்: புழங்கிப் பார்த்ததில் எது நின்றது, எது உதிர்ந்தது

கடைக்குப் போவதற்கென்று இணையத்தில் கிடைக்கும் கொரியச் சொற்றொடர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. 'இகொ ஒல்மாயெயோ?' (இது என்ன விலை?), 'இகொ ஜுசெயோ' (இதைக் கொடுங்க), 'க்கக்கா ஜுசெயோ' (குறைச்சுக் கொடுங்க). ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் ஆகிவிடும். சியோலின் மார்ட்டிலும் சந்தையிலும் மாதக்கணக்கில் புழங்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது. பட்டியலில் இருப்பதெல்லாம் நாம் பேச வேண்டியவை. கல்லாவில் திணற வைப்பதோ அவர்கள் கேட்பவை. விலை கேட்கத் தெரிந்து, சொன்ன விலை காதில் ஏறாவிட்டால் அந்தக் கேள்வியால் என்ன பயன்?

ஆகவே கல்லாவிலிருந்தே தொடங்கலாம். வரிசையில் நம் முறை வந்ததும் 'கெஸன் தொவா துரில்க்கெயோ' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கணக்குக்கு உதவுகிறேன்' என்று வரும். 'பில் போடுகிறேன்' என்பதே பொருள். பதில் தேவையில்லை. அடுத்தது 'போங்ட்டு பிரியோ ஹசெயோ?', அதாவது பை வேணுமா? வேண்டாமென்றால் 'க்வென்சானயோ', வேண்டுமென்றால் 'நெ, ஜுசெயோ' (ஆமாம், கொடுங்க). பெரிய மார்ட்டுகளிலும் 165 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகளிலும் 2019 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அதனால் பல இடங்களில் விற்பது 'ஜொங்ன்யங்ஜெ போங்ட்டு', அதாவது உள்ளாட்சியின் குப்பைப் பை. அளவுக்கேற்பக் குப்பைக் கட்டணம் வாங்கும் முறை அங்கே 1995-இல் வந்தது. கட்டணம் அந்தப் பையின் விலையிலேயே அடங்கிவிடும். காய்கறியை அதில் சுமந்து வந்து, பிறகு வீட்டுக் குப்பைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனம்: பொதுவாக அந்தப் பை வாங்கிய நகர்ப்பிரிவில்தான் செல்லும். தங்குமிடத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவது நல்லது.

பிறகு 'ஜொங்னிப் ஹசெயோ?' என்பார்கள். புள்ளி சேர்க்கிறீர்களா என்று பொருள். உறுப்பினர் அட்டை இல்லையென்றால் 'ஒப்ஸொயோ' (இல்லை) போதும். தொகை 50,000 வொன்னோ அதற்கு மேலோ போனால் 'இல்ஷிபுல்?' என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்கலாம். மொத்தமாகவா, தவணையிலா என்பதே கேள்வி. வெளிநாட்டு அட்டை வைத்திருப்பவர் 'நெ' (ஆமாம், மொத்தமாகவே) என்று சொல்லி நகரலாம். ரொக்கமாகக் கொடுத்தால் 'ஹ்யொன்கும் யொங்சுஜுங்' என்று ஒன்று கேட்பார்கள். அது வரிக்கணக்குக்கான ரொக்க ரசீது. சுற்றுலாப் பயணிக்கு அது வேண்டாம். அங்கே சம்பளம் வாங்குபவர் கைபேசி எண்ணைச் சொன்னால் ஆண்டுக் கடைசி வரிக் கழிவில் சேரும். வெறும் 'யொங்சுஜுங் துரில்க்காயோ?' என்றால் சாதாரண பில். இந்த ஐந்தாறு கேள்விகளும் ஏறக்குறைய இதே வரிசையில் வருவதால், பாதி சொல் நழுவினாலும் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று ஊகித்துவிடலாம். எந்தப் பட்டியலிலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை இவைதான்.

இன்னொரு குழப்பம். பாடத்தில் 'மன் வொனியெயோ' (பத்தாயிரம் வொன்) என்று படித்திருப்போம். கடையில் 'மன் வொனிசெயோ' என்று காதில் விழும். விலைக்கே மரியாதை விகுதி போட்டுப் பேசுகிறார்கள்! இலக்கணப்படி தவறு என்று கொரியர்களே அலுத்துக்கொள்கிறார்கள், பழக்கம் போகவில்லை. காதுக்குப் பழக்கினால் போதும், நாம் அப்படிப் பேச வேண்டியதில்லை.

இனி எண்கள். உழைப்பில் முக்கால் பங்கு இங்கேதான் போகும். விலைக்குச் சீன வழி எண்கள்: இல், இ, ஸம், ஸ, ஒ, யுக், சில், பல், கு, ஷிப். நூறு 'பெக்', ஆயிரம் 'ச்சொன்', பத்தாயிரம் 'மன்'. கணக்கு பத்தாயிரத்தில் புரள்வதுதான் சிக்கல். முப்பத்தையாயிரம் 'மூன்று மன், ஐந்து ஆயிரம்' ஆகிறது: 'ஸம்மன் ஒச்சொன்'. நம் ஒரு லட்சம் அங்கே பத்து மன், 'ஷிம்மன்'. எழுத்தில் 'ஷிப்' என்று இருப்பது ம-வுக்கு முன்னால் 'ஷிம்' ஆகிவிடும். அதே மாதிரி 'பெக்மன்' (பத்து லட்சம்) 'பெங்மன்', 'யுக்மன்' (அறுபதாயிரம்) 'யுங்மன்'. இந்த ஒலிமாற்றம் தெரியாமல் எண்களைத் தனித்தனியாகப் படித்தவர்களுக்குப் பேச்சில் எண்ணே வராததுபோல் இருக்கும்.

அடிக்கடி மாறிப்போகும் கூட்டம் ஒன்று உண்டு. 11,000 என்பது 'மன் ச்சொன்'; முன்னால் 'இல்' வராது. 12,000 'மன் இச்சொன்'. 21,000 'இமன் ச்சொன்'. நடுவில் ஒரு 'இ' எங்கே விழுகிறது என்பதில் ஆயிரங்கள் புரளும். பயிற்சிக்கு நன்றாக உதவியது கொரிய ஹோம் ஷாப்பிங் சானல்கள். 'ஸம்மன் குச்சொன் குபெக் வொன்' (39,900) என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள், திரையில் எண்ணும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, தாளில் எழுதி, பிறகு திரையைப் பார்த்துச் சரிபார்க்கலாம். நாளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

பொருளை எண்ணும்போது வேறு எண்வரிசை: ஹன் கெ, து கெ, செ கெ, நெ கெ (ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு). பாட்டிலுக்கு 'ப்யொங்', மீனுக்கும் கோழிக்கும் 'மரி'. செ, நெ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும், விரலையும் காட்டிவிடுங்கள். சந்தையில் இன்னும் 'குன்' என்ற எடை புழங்குகிறது. இறைச்சியில் ஒரு குன் 600 கிராம். காய்கறி, பழத்தில் 400 கிராம்தான். சந்தையில் பலவும் 'ஹன் பகுனி' (ஒரு கூடை) கணக்கு.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதியும் இரண்டு தொல்லையும். வசதி: சொல்லின் முதலில் வல்லொலி, இரண்டு உயிருக்கு நடுவே மெலிந்த ஒலி என்ற நம் க, த, ப வழக்கம் அங்கேயும் உண்டு. கடைக்குக் கொரியச் சொல் 'ககெ'. தமிழ்ச் சொல்போலப் படித்தாலே முதல் க வன்மையாகவும் அடுத்தது மென்மையாகவும் வந்துவிடும். ஆங்கில எழுத்தில் படிப்பவர் திண்டாடும் அந்த உதடு குவியாத 'உ'வும் நமக்குப் புதிதல்ல, 'காடு', 'பத்து' என்ற சொற்களின் கடைசியில் வரும் குற்றியலுகரம்தான். முதல் தொல்லை: சில், பல், ச்சொன் மூன்றிலும் முதல் எழுத்தோடு காற்று வெளிவர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பாருங்கள். காற்று படாவிட்டால் கடைக்காரர் இன்னொரு முறை கேட்பார். இரண்டாவது தொல்லை: 'பெக்'கை 'பெக்கு' என்றும் 'ஷிப்'பை 'ஷிப்பு' என்றும் இழுப்பது. கடைசி எழுத்தில் வாயை மூடியதோடு நிறுத்த வேண்டும்.

பேரம் பற்றி ஆசைப்பட வேண்டாம். மார்ட், பல்பொருள் அங்காடி, கன்வீனியன்ஸ் கடை எல்லாவற்றிலும் ஒட்டிய விலைதான். நம்தெமுன் போன்ற சந்தைகளில், அதுவும் இரண்டு மூன்று பொருள் வாங்கும்போது, 'ஜொகும்மன் க்கக்கா ஜுசெயோ' (கொஞ்சம் மட்டும் குறைங்க) எடுபடலாம். விலை இறங்காவிட்டால் 'மனி ஜுசெயோ' (நிறையக் கொடுங்க) என்று சொல்லிப் பார்க்கலாம். கொசுறாக ஒரு கைப்பிடி விழ வாய்ப்புண்டு. கொசுறுக்கு அங்கே 'தொம்' என்று பெயர். சாப்பாட்டுக் கடையில் காசில்லாமல் வருவது 'சொபிஸு'. கடைக்காரரை 'ஸஜங்நிம்' (முதலாளி) என்று கூப்பிடுவது பாதுகாப்பு. சந்தை அம்மாக்களை வாடிக்கைக்காரர்கள் 'இமொ' (அம்மாவின் அக்கா தங்கை) என்பார்கள். 'அஜும்மா' வேண்டாம், சிலருக்குச் சுருக்கென்று படும்.

துணிக்கடையில் இரண்டே வாக்கியம் நின்றது. 'துல்லொபொல்க்கெயோ' (சுத்திப் பார்க்கிறேன்) என்றால் பின்னாலேயே வருபவர் ஒதுங்குவார். 'இபொ ப்வாதொ த்வெயோ?' (போட்டுப் பார்க்கலாமா?). செருப்புக்கு 'இபொ' பொருந்தாது, 'ஷினொ ப்வாதொ த்வெயோ'. காலணி அளவு மில்லிமீட்டரில் இருக்கும். 250, 265 என்று தன் அளவை முன்பே தெரிந்து போனால் பேச்சு மிச்சம்.

மொழிபெயர்ப்புச் செயலிகளில் பபாகோ கொரியனுக்கு நன்றாக ஓடும். மரியாதை நடைக்கு அதில் தனிப் பொத்தான் உண்டு, அதைப் போட்டுவைக்காவிட்டால் கடைக்காரரை 'நீ' என்று பேசிவிடும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வரிசையில் பின்னால் நான்கு பேர் நிற்கும்போது கைபேசியை நீட்டுவது நடக்காத காரியம். பொருட்களின் பின்பக்க அட்டையைப் படம் பிடித்துப் படிக்கத்தான் அது உண்மையில் உதவுகிறது.

எழுத்தைக் கற்காமல் சொற்களை மட்டும் படிப்பதும் இப்போது பாதி வேலைதான், பல கடைகளில் ஆளுக்குப் பதில் தொடுதிரை நிற்கிறது. 'கியொல்ஜெ' (பணம் செலுத்து), 'ச்விஸொ' (ரத்து), 'ஹ்வகின்' (சரி) மூன்றையும் எழுத்தாகவே அடையாளம் காணப் பழகுங்கள். அடிப்படை எழுத்து 24 மட்டுமே; ஒரு வாரத்தில் பிடிபடும்.

பொருளைத் திருப்ப 'ஹ்வன்புல்' (பணம் திரும்ப), 'க்யொஹ்வன்' (மாற்றிக்கொள்ள) இரண்டும் போதும், பில்லோடு போனால். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கும் வெளிநாட்டவருக்கு வரி திரும்பக் கிடைக்கும் கடைகளில், 2024 முதல் ஒரு பில்லுக்குக் குறைந்தது 15,000 வொன் வாங்கினாலே போதும். அங்கே கேட்கப்படும் சொல் 'யொக்க்வொன்'. பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள், தங்குமிடத்தில் பூட்டி வைத்துவிட்டுப் போனால் கல்லாவிலேயே கழிவு கிடைக்காது.