பம்பாய் செம்பூர் பக்கம் பிள்ளைங்களோட பருவுக்கு மேக்கப் கிட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க (எனக்கு 11,800 ரூபாய் போச்சு)

டாக்டர்கிட்ட இருந்து வந்து ஒரு மணி நேரம்தான் ஆச்சு, கை இன்னும் நடுங்குது. பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டு உள்ள படுத்திருக்கா. பத்தாவது படிக்கிறா. வர்ற 18-ம் தேதி அரங்கேற்றம். ஹால் புக் பண்ணியாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு, மிருதங்கக்காரருக்கு அட்வான்ஸும் போயாச்சு. இப்போ அவ மூஞ்சியைப் பாத்தா எனக்கே வயிறு எரியுது.

பேரு போட வேண்டாம்னு வீட்டுக்காரர் சொல்றார். அதனால ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரத்துல, மாடியில இருக்குற ஒரு சின்ன பியூட்டி பார்லர்னு மட்டும் வச்சுக்குங்க.

அவளுக்கு ஒரு வருஷமாவே பரு. கன்னம், நெத்தி, தாடை எல்லா இடத்துலயும். இந்த வயசுல ஹார்மோன் ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பி அதிகமா வேலை செய்யும், துவாரம் அடைக்கும், பரு வரும், அது எனக்கும் தெரியும். ஆனா மேடை மேக்கப் ஒண்ணும் லேசானது இல்லையே. கனமான பான்கேக்கை அப்புவாங்க, ரெண்டு மூணு மணி நேரம் வேர்த்துக் கொட்டும். பரு மேல அதைப் போடலாமா, போட்டா இன்னும் கிளம்புமான்னு கேக்கத்தான் போனேன். கேக்க மட்டும்தான் போனேன்.

நான் உள்ள நுழையும்போது அந்தம்மா ஹிந்தியிலதான் பேசுச்சு. நான் பொண்ணுகிட்ட "செருப்பை அங்க கழட்டு"ன்னு சொன்னதைக் கேட்டதும் மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "நம்ம ஊராக்கா நீங்க? எந்தப் பக்கம்?" அம்பாசமுத்திரம்னு சொன்னேன். "எங்க அம்மைக்கு கல்லிடைக்குறிச்சில்லா!" அவ்வளவுதான், நான் விழுந்துட்டேன். முப்பது வருஷமா பம்பாயில இருக்கேன். இங்க காய்கறிக்காரன் தமிழ்ல பேசினாக்கூட ரெண்டு ரூபாய் கூடக் கொடுக்குற ஆளு நான். டீ வாங்கிக் கொடுத்துச்சு. பொண்ணோட தாடையைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "நம்ம பிள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா? பயப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லுச்சு. அந்த "பாத்துக்கிடுதேன்"தான் எனக்கு 11,800 ரூபாய்.

முதல்ல 1,300 ரூபாய்க்கு ட்ரையல். சிவந்த பரு மேல பச்சைக் கலர் கரெக்டரை வச்சு, அதுக்கு மேல ஃபவுண்டேஷன். சிவப்பைப் பச்சை அடக்கிடும், உண்மைதான், கண்ணாடியில பொண்ணு தன்னைப் பாத்துச் சிரிச்சா. ரொம்ப நாளைக்கு அப்புறம் பாத்த சிரிப்பு அது. அந்த ஸ்பாஞ்ச் பக்கத்து நாற்காலியில இருந்த கல்யாணப் பொண்ணுக்குப் போட்டதுதான், நானே பாத்தேன். பாத்துட்டும் வாயைத் திறக்கலை. டீ குடிச்சிட்டு எப்படிக் கேக்குறது?

அடுத்து 6,500 ரூபாய்க்கு கிட். ஃபவுண்டேஷன், கன்சீலர், பிரஷ், கூடவே ஒரு வெள்ளை டப்பாவுல நைட் க்ரீம். "நான்-காமடோஜெனிக், துவாரத்தை அடைக்காது, அரங்கேற்றம் வரைக்கும் ராத்திரி பூசட்டும், முகம் கண்ணாடி மாதிரி ஆயிரும்." அரங்கேற்ற நாள் மேக்கப்புக்கு 4,000 அட்வான்ஸ். பில் கேட்டதுக்கு "நமக்குள்ள என்னக்கா பில்லு"ன்னுச்சு. ஸ்கேன் பண்ணினா கடை பேரு வரலை, யாரோ ஒரு ஆம்பளை பேரு வந்துச்சு. "தம்பி அக்கவுண்டுக்கா"ன்னுச்சு. சரின்னு அனுப்பினேன்.

நாலாம் நாளே பரு அமுங்கிருச்சு. முகம் வெளுத்துப் பளபளன்னு இருந்துச்சு. நாட்டிய டீச்சர்கூட என்ன போடுறேன்னு கேட்டாங்க. நல்லவேளை, அவங்க ஸ்டூடண்ட் வேற யாரையும் அங்க அனுப்பலை. மூணு வாரத்துல டப்பா காலி. அடுத்த அஞ்சாறு நாள்ல ஆரம்பிச்சுது. எரியுதுன்னா, தண்ணி பட்டாலே கத்தினா. முன்னாடி பருவே இல்லாத இடத்துலகூட ஒரே அளவுல பொரிப்பொரியா, முகம் முழுக்கச் செக்கச் செவேல்னு.

போன் பண்ணினேன். "உள்ள இருக்குற அழுக்கு வெளிய வருதுக்கா, நல்லதுதான், இன்னொரு டப்பா வாங்கிக்கோங்க." ரெண்டு நாள் கழிச்சுப் பண்ணினா, "பிள்ளை சாக்லேட் தின்னுருக்கும்." மூணாம் தடவை போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. நேர்ல போனேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, "மேடம் மீட்டிங் மே ஹை." நாலு நாற்காலி இருக்குற பார்லர்ல என்ன மீட்டிங்? கடைசியில வெளிய வந்து, என்னை யாருன்னே தெரியாத மாதிரி, "ஓப்பன் கியா ஹுவா மால் வாபஸ் நஹி ஹோதா"ன்னுச்சு. பிரிச்ச சாமானைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம். பணம் வாங்குற வரைக்கும் திருநெல்வேலித் தமிழ், கொடுக்கணும்னதும் ஹிந்தி! அட்வான்ஸ் 4,000-ஐயாவது கொடும்மான்னேன். அதுவும் இல்லையாம்.

தோல் டாக்டர் பாத்ததும் கேட்ட முதல் கேள்வியே "என்ன க்ரீம் போட்டீங்க?"தான். டப்பாவைக் காட்டினேன். தயாரிச்சவன் பேரு கிடையாது, பேட்ச் நம்பர் கிடையாது, லைசென்ஸ் நம்பர் கிடையாது. ஸ்டீராய்டு கலந்திருக்கும், போடும்போது அமுக்கும், நிறுத்தினதும் இப்படித்தான் திருப்பி அடிக்கும்னார். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே இறுக்கிட்டாங்களாம். வெளுப்பாக்குற சில க்ரீம்ல பாதரசமும் இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு யூரின் டெஸ்டும் எழுதிக் கொடுத்திருக்கார். நாளைக்கு ரிசல்ட். 2023-ல மலப்புறத்துல இப்படிச் சிலருக்கு ஆனது செய்தியில வந்துச்சு, நானும் படிச்சேன், படிச்சிட்டு மறந்தேன்.

18-ம் தேதிக்குள்ள சரியாயிடுமான்னு கேட்டேன். வாரக்கணக்குல ஆகும்னார். கசிவு இல்லாத இடத்துல மட்டும் லேசா, எண்ணெய் இல்லாத மேக்கப், சொந்த பிரஷ், இறங்கினதும் தேய்க்காம கழுவணும். பான்கேக்கை மறந்துடுங்கன்னார்.

என்ன வாங்கலாம், எப்படிப் போடலாம்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன். இப்போ முடியலை. அவசரமா இது மட்டும்: லேபிள் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. நான்-காமடோஜெனிக்னு ஸ்டிக்கர் அடிச்சு யார் வேணும்னாலும் ஒட்டலாம். அடுத்தவங்க மூஞ்சியில பட்ட ஸ்பாஞ்சை உங்க பிள்ளைக்கு விடாதீங்க, என்னை மாதிரி வாயை மூடிக்கிட்டு நிக்காதீங்க. மூணே நாள்ல பரு போச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, என் வீட்டுக்காரர் குப்பையில போட்டதை நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

1915-க்கு, அதான் நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்டுப் புகார் கொடுத்துட்டேன். பில் இருக்காம்மான்னுதான் முதல்ல கேட்டாங்க. பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டுதான் இருக்கு.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே வாட்ஸப்ல ஒரு மெசேஜ். மறுபடியும் தமிழ்: "அக்கா கோவிச்சுக்கிடாதீங்க, ரிவ்யூ கிவ்யூ எதுவும் போட்டுராதீங்க, நம்ம ஊருக்காரங்க." 11,800-ஐ முதல்ல அனுப்புன்னு பதில் போட்டிருக்கேன். நீல டிக் விழுந்தாச்சு.