வின்செஸ்டர் 1885 ஹைவால், .32-40: பார்வைக்குச் சுமார், சுடுவதற்கு அபாரம்

பழைய துப்பாக்கி சேகரிப்பவர் யாரிடமாவது என் ஹைவால் துப்பாக்கியைக் கொடுத்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். எண்பட்டைக் குழலின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். எழுத்துகள் பாதி தேய்ந்திருக்கும். திருகு ஓட்டைகளைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருக்கும். முன்பு வைத்திருந்த புண்ணியவான் யாரோ பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து நன்றாகத் தேய்த்து, மேலே துருப் பிடிக்காமலிருக்கப் பூசும் நீலமும் ஏற்றிவிட்டார். நீலமும் ஊதாவும் பழுப்புமாகப் பூத்திருக்க வேண்டிய கேஸ் கலர் (எஃகை இறுக்கும்போது மேலே படரும் நிறம்) உடம்பில் இப்போது ஒரே கருநீலம்.

அந்தப் புண்ணியவானுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். அவர் கை வைக்காமல் இருந்திருந்தால் இந்த விலைக்கு இது என்னிடம் வந்தே இருக்காது. இரண்டாயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே முடிந்தது. சேகரிப்பவர் வெளித்தோலுக்குக் காசு கொடுக்கிறார். எனக்கு வேண்டியது குழலுக்குள்ளே இருந்தது, அதை யாரும் தேய்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. இந்த அமைப்பு ஜான் மோசஸ் பிரௌனிங்குடையது. 1879-இல் காப்புரிமை வாங்கினார். 1883-இல் வின்செஸ்டர் கம்பெனி அதை விலைக்கு எடுத்து, 1885 முதல் 1920 வரை செய்து விற்றது. மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். லீவரைக் கீழே இழுத்தால் பின்னால் அடைத்திருக்கும் எஃகுக் கட்டை நேராகக் கீழே இறங்கும், கூடவே சுத்தியலும் இறங்கும். தோட்டாவைப் போட்டு லீவரை மூடினால் கட்டை மேலேறி அடைத்துக்கொள்ளும், சுத்தியலும் அதுவாகவே ஏறி நிற்கும். கட்டையின் இரு பக்கமும் சுவர்போல் உயர்ந்திருப்பது ஹைவால், தாழ்த்தி வெட்டியிருப்பது லோவால். சின்னத் தோட்டாக்களுக்கு லோவால் போதும். ஹைவால் எவ்வளவு திடம் என்றால், புகையில்லா வெடிமருந்து வந்தபோது இதே அமைப்பில்தான் .30-40 கிராக் என்ற வலுவான தோட்டாவையும் போட்டு விற்றார்கள்.

.32-40 அப்படி முரட்டுத்தனமான தோட்டா அல்ல. 165 கிரெய்ன் (ஒரு கிராமில் சுமார் பதினைந்து கிரெய்ன்) ஈயக் குண்டு, 40 கிரெய்ன் கருமருந்து. பாலர்ட் என்ற இன்னொரு ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கென்று 1880-களில் பிறந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் ஊருக்கு ஊர் நடத்திய ஷுட்சன் போட்டிகளில், 200 கெஜத்தில் நின்றபடி சுடுவதற்கு, இது செல்லப் பிள்ளையாக இருந்தது. தோளை உதைக்காது. நாள் முழுக்கச் சுட்டாலும் அடுத்த நாள் கை தூக்க முடியும்.

வாங்கும் முன் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகள் முனை வரை கூர்மையாக இருந்தன. தோட்டா அறைக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் மங்கலான சொரசொரப்பு. கருமருந்து சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்ததன் அடையாளம். அந்த இடம்தான் எப்போதும் முதலில் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் மென்மையான ஈய உருண்டை ஒன்றை உள்ளே தள்ளி மைக்ரோமீட்டரில் அளந்தேன்: .321 அங்குலம். தோட்டா அறையின் அளவுக்கு செரோசேஃப் ஊற்றினேன். கொதிநீரின் சூட்டுக்கும் குறைவாகவே உருகிவிடும் உலோகம் அது. ஊற்றி உறைந்ததும் முதலில் லேசாகச் சுருங்கும், அதனால் எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரம் ஆனதும் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அந்த நேரத்தில் அளக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்தாலும் தப்பு, மறுநாள் அளந்தாலும் தப்பு.

இனி ட்ரிகர். என்னுடையதில் இரட்டை செட் ட்ரிகர். பின்னால் இருப்பதை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன்பிறகு முன் ட்ரிகரை விரல் நுனியால் தொட நினைத்தாலே போதும், வெடித்துவிடும். இன்றைக்கு வரும் விலை உயர்ந்த துப்பாக்கிகள் பலவற்றில் எனக்கு இந்தச் சுகம் கிடைத்ததில்லை. குறியில் கண் பதியும் வரை செட் செய்யவே கூடாது என்பதைப் பக்கத்து மேசைக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

குறி பார்க்கக் கழுத்துப் பகுதியில் நட்டுவைத்த வெர்னியர் தகடு, அதாவது நுண்ணிய அளவுகோலோடு ஏற்றி இறக்கும் பின் குறி. முன்னால் குழாய்க்குள் வளையம். இரண்டு குறிகளுக்கும் நடுவே 34 அங்குலத்துக்குச் சற்று மேல் இடைவெளி வருகிறது. அதனால் வெர்னியரில் நூறில் ஒரு பங்கு அங்குலம் ஏற்றினால் 200 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம் மேலே போகும். கணக்குப் போடக் காகிதமே வேண்டாம். டெலஸ்கோப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் குழலின் நீளத்துக்கே ஓடும் அந்தக் காலத்து மெல்லிய குழாய்களைப் போடுகிறார்கள். அழகுதான். எனக்கு வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை உட்கார வைப்பதில் இருக்கும் நிம்மதி அதில் இல்லை.

சுடுவதில் பாதி இன்பம் மருந்து நிரப்புவதில் இருக்கிறது. குண்டைத் தோட்டாக் கூட்டில் பொருத்துவதில்லை. இருபத்தைந்து பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு தகரம் சேர்த்து நானே வார்த்த குண்டை, நெம்புகோல் போன்ற ஒரு கருவியால் நேரடியாக வரிகளுக்குள் அழுத்தி உட்கார வைக்கிறேன். கூட்டின் வாய்க்கு ஒரு நூல் முன்னால் அது நிற்கும். பிறகு மருந்து போட்டு அட்டை வில்லை வைத்த கூட்டைப் பின்னால் செருகி மூட வேண்டும். வெடிக்கும் முன்பே குண்டு குழலின் மையத்தில் நேராக உட்கார்ந்துவிடுகிறது, கோணிக்கொள்ள வாய்ப்பே இல்லை. பெரிய போட்டிக்காரர்கள் பலரும் ஒரே கூட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுடுகிறார்கள். விளிம்பில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கீறல் மேலே வரும்படி செருகுவார்கள். நானும் அப்படித்தான். .30-30 என்ற வேறொரு தோட்டாவின் கூட்டை விரித்து .32-40 கூடு செய்தால் உயரம் கொஞ்சம் குறையும். ஆனால் குண்டுதான் கூட்டிலேயே இல்லையே, அந்தக் குறை இங்கே பெரிதாகத் தெரிவதில்லை.

காற்று ஒத்துழைத்தால் மேசையில் தாங்கிச் சுடும்போது பத்துக் குண்டும் இரண்டரை அங்குலத்துக்குள் விழுகின்றன, 200 கெஜத்தில். நின்று சுட்டால் எங்கே விழும் என்பது எனக்கும் அட்டைக்கும் நடுவே இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. முதலாவது அந்தச் சுத்தியல். கனமானது, நெடுந்தூரம் பயணம் செய்து வந்து அடிக்கிறது. ட்ரிகரைத் தொட்டதற்கும் வெடிப்பதற்கும் நடுவே உடம்பு ஆட இடம் கொடுக்கிறது. வெடித்த பிறகும் கண் குறியிலேயே நிற்கப் பழகாதவருக்கு இது தண்டனைதான். இரண்டாவது, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் பழைய ஊசியின் முனை தடிமன். மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமர் பின்னோக்கி வழிந்து ஊசித் துளைக்குள் ஏறுகிறது. துளையைச் சிறிதாக்கக் கட்டையில் புஷ் என்ற எஃகு வளையத்தை இறக்கிச் சின்ன ஊசி போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. சேகரிப்பவர் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஏற்கெனவே தேய்த்துக் கெடுத்த துப்பாக்கி என்பதால் எனக்கு அந்தப் பாவம் ஒட்டவில்லை. மூன்றாவது, தோளில் வைக்கும் தகட்டின் கீழே நீளும் கொம்பு. நின்று சுடும்போது அக்குளில் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். மேசையில் வைத்தால் மணல் பையை உழுதுவிடும்.

பாலர்ட் வாங்கியிருக்கலாமே என்பார்கள். அதன் நளினத்துக்கு ஹைவால் ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கட்டை இரண்டு பாதியாகப் பிளந்து உள்ளே விசைப் பாகங்களைச் சுமப்பது. ஹைவாலின் முழுக்கட்டை தரும் தைரியம் அதில் வராது. ஸ்டீவன்ஸ் கம்பெனியின் 44-ஐ .22 போன்ற சின்னத் தோட்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். .32-40 வேண்டுமென்றால் பின்னால் வந்த 44½ தான்.

அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் தயாரிப்பு ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்தது என்றால் மத்தியச் சட்டத்தில் அது தொல்பொருள் கணக்கு, டீலர் வழியாகப் படிவம் நிரப்பும் வேலை இல்லை. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், அதைத் தனியாகப் பாருங்கள். வயோமிங் மாநிலம் கோடி ஊரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் பதிவேடுகள் இருக்கின்றன. பணம் கட்டினால், அந்த எண்ணுக்குப் பதிவு இருக்கும் பட்சத்தில், என்ன தோட்டா, எவ்வளவு நீளக் குழல், எந்த ட்ரிகர் என்று கடிதம் தருவார்கள். என்னுடையதற்கு .32-40, 30 அங்குலம், குழலின் தடிமனைக் குறிக்கும் மூன்றாம் எண் கனம், செட் ட்ரிகர் என்று வந்தது. குழலின் அடியில், முன்கட்டைக்குச் சற்று முன்னால், அந்த 3 இன்னும் தெரிகிறது. தேய்த்தவர் அங்கே மட்டும் சோம்பல் பட்டிருக்கிறார்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமென்றால் இதைப் போன்ற ஒன்றைத் தொடாதீர்கள், விற்கும்போது கை கடிக்கும். சுட வேண்டுமென்றால் இப்படிப்பட்டதைத்தான் தேட வேண்டும். எஃகு மரத்தோடு சேரும் கழுத்தில் விரிசல் இருக்கிறதா, லீவர் மூடியபின் கட்டை ஆடுகிறதா என்று பாருங்கள். குழலுக்குள் வெளிச்சம் அடிக்க விற்பவர் தயங்கினால் பேரம் பேசவே வேண்டாம்.