உப்புக்காற்றில் ஆறு வருடம்: என் நிக்கான் டி7500

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கேமரா வாங்குவதும் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் எங்கள் உச்சிப்புளிப் பக்கம் இருந்துகொண்டு வாங்குவதும் ஒன்றல்ல. எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் மெகாபிக்சல், ஐஎஸ்ஓ, வீடியோ என்றே பேச்சு ஓடுகிறது. இந்தக் கரையில் நான் முதலில் கேட்பது, இந்தக் காற்றை அது எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான்.

இதற்கு முன்பு என்னிடம் இருந்தது லென்ஸ் நீண்டு சுருங்கும் வகைச் சின்ன ஜூம் கேமரா. ஒரு ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது தனுஷ்கோடி முனையில் உள்ள அரிச்சல்முனையில் அதை வெளியே எடுத்துவிட்டேன். குழலுக்குள் மணல் போய் அப்படியே இறுகிக்கொண்டது. மதுரையில் ஒரு ரிப்பேர்க்காரர் கழற்றிக் காட்டினார். மணல் மட்டும் இல்லை, உள்ளே இணைப்புகளில் எல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது அதற்கு.

அந்த அனுபவத்தோடுதான் 2019 கடைசியில் டி7500 வாங்கினேன். 2017இல் வந்த மாடல், 20.9 மெகாபிக்சல். மூட்டுகளில் தூசியும் ஈரமும் புகாதபடி அடைப்பு இருக்கிறது என்பதுதான் என்னை இழுத்தது. பறவைகளுக்காக 200-500 மில்லிமீட்டர் எஃப்5.6 லென்ஸைச் சில மாதம் கழித்துச் சேர்த்துக்கொண்டேன். இந்த பாடியின் (லென்ஸ் இல்லாத கேமரா) சென்சார் அளவுக்கு 500 என்பது 750 மில்லிமீட்டர் போல வேலை செய்யும். லென்ஸ் மட்டும் 2.3 கிலோ, பாடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று கிலோவைக் கையில் தூக்கி அரை மணி நேரம் பறவைக்குக் காத்திருந்தால் தோள் வலிக்கத்தான் செய்யும். வாங்கும் முன் கடையில் தூக்கிப் பாருங்கள், இரண்டு நிமிடம் அல்ல, பத்து நிமிடம்.

இவ்வளவு நீள லென்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்பில் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் வந்து பார்த்தால் புரியும். சாலையிலிருந்து அவை வெகுதூரம். நடந்து நெருங்கினால் ஒன்று தலை தூக்கும், அப்புறம் கூட்டமே எழும்பிவிடும். அத்தனை தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைகளை ஒரு படத்துக்காக எழுப்பிவிடுவது எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. 2025 ஜூனில் அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். தள்ளி நின்று எடுக்க வேண்டும், அதற்குத்தான் நீள லென்ஸ்.

ஆனால் லென்ஸ் நீளத்தால் எல்லாம் தீர்ந்துவிடாது. முதல் வருடம் என் படங்கள் பாதி மங்கலாக வந்தன. ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸுக்குக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். காரணம் கானல். காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப் பரப்பும் மணலும் சூடேறி, காற்று தண்ணீர் போல நெளியத் தொடங்கும். அதற்குள் முந்நூறு அடி தள்ளி நிற்கும் பறவையை எத்தனை விலை லென்ஸாலும் கூர்மையாகப் பிடிக்க முடியாது. சோதிக்க ஒரு வழி உண்டு. அசையாமல் நிற்கும் பறவையைத் தொடர்ந்து பத்து படம் எடுங்கள். பத்திலும் மங்கல் வேறு வேறு விதமாக இருந்தால் கானல். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் அப்போது லென்ஸைச் சந்தேகப்படலாம். இப்போது நான் விடிந்ததும் ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று வெளிச்சம். சாம்பல் நிறத் தண்ணீரில் வெள்ளைப் பறவை நின்றால் கேமரா தண்ணீரைப் பார்த்து ஏமாந்துவிடும், இறகு எல்லாம் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை 0.7 குறைத்துவிட்டால் இறக்கையின் மெல்லிய ரோஸ் நிறம் நிற்கிறது. வெள்ளை மணல் வெயிலில் பின்பக்கத் திரை ஒன்றுமே தெரியாது. அங்கே கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் பழைய வகை வியூஃபைண்டர் எனக்குப் பெரிய உதவி. பேட்டரியும் அப்படித்தான். கம்பெனி சொல்லும் கணக்கு 950 படம், எனக்கு ஒரு முழு நாள் தாராளமாக வருகிறது.

சரி, உப்பு. முதலில் வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பேன். தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, காஞ்ச உப்பத் தேய்க்காத, கீறிப்புடும். நாங்க இஞ்சினுக்கு நல்ல தண்ணிதான் ஊத்துவோம்" என்றார். அன்றிலிருந்து பழக்கத்தை மாற்றினேன். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸ் குழலையும் ஒற்றி எடுப்பேன், உப்பு கரைந்து வந்துவிடும். பிறகுதான் காய்ந்த துணி. கண்ணாடியின் மேல் ஃபில்டர் எப்போதும் இருக்கும். கரையில் லென்ஸ் மாற்றுவதே இல்லை. அந்த 200-500 ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளும் என்பதால், காற்று வீசினால் அதன் மேல் ஒரு துணி உறை போட்டுவிடுவேன். வாடைக்காற்று மாதங்களில் ஈரம் தாங்காது. ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் உள்ள டிரை பாக்ஸில், அதாவது ஈரம் புகாத பெட்டியில், ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறேன். டிரை பாக்ஸ் வாங்குவதற்கு முன் பீரோவில் கிடந்த ஒரு பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. டி7500க்கும் அதன் லென்ஸுக்கும் இதுவரை எதுவும் இல்லை.

குறை என்றால், கார்டு போட ஒரே இடம்தான். அதனால் அன்றன்று இரவே படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுகிறேன். திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் மெதுவாகத்தான் பிடிக்கும், வீடியோவே முக்கியம் என்பவர்களுக்கு இது வேண்டாம். கூட்டமாகப் பறக்கும் ஆலா என்னும் கடற்பறவைகளில் ஒன்றைப் பிடித்துத் தொடர்வதும் கடினம்.

அந்த இடத்தில்தான் உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவான மிரர்லெஸ் முந்துகிறது. நண்பர் ஒருவருடைய கேனான் ஆர்7ஐ இரண்டு வாரம் வைத்திருந்தேன். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. அதோடு அவர் தந்த 100-400 லென்ஸ் வெறும் 635 கிராம், கழுத்தில் தொங்குவதே தெரியவில்லை. ஆனால் அந்த லென்ஸில் ஈரத்துக்கான அடைப்பு இல்லை என்பதால் அரிச்சல்முனைக்குக் கொண்டுபோகவில்லை. பொதுவாக மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் வேகமாக அடிக்கும் இறக்கை வளைந்து தெரிய வாய்ப்புண்டு, பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

பாம்பனைச் சொல்லாமல் விட முடியாது. சாலைப் பாலத்தில் ட்ரைபாட் வைத்தால் ஒவ்வொரு பஸ் போகும்போதும் நடுங்கும். பஸ் கடந்து அதிர்வு அடங்கும்வரை பொறுத்துத்தான் ஷட்டரைத் திறக்க வேண்டும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து வரும் என் 2021 படம் ஒன்றை இரண்டடி அகலத்துக்கு அச்சடித்து வீட்டில் மாட்டியிருக்கிறேன். 20.9 மெகாபிக்சல் அதற்குத் தாராளம், தண்டவாளக் கட்டைகளை எண்ணலாம்.

இன்று புதிதாக வாங்குபவர் என்னிடம் கேட்டால், அடைப்பு உள்ள மிரர்லெஸ் பாடி ஒன்றைப் பழையதாகவேனும் வாங்கி, மிச்சப் பணத்தை லென்ஸில் போடச் சொல்வேன். டிரை பாக்ஸைக் கேமராவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ட்ரோன் ஆசை இருந்தால் அனுமதி இல்லாமல் இங்கே தொடாதீர்கள், இது எல்லைக் கடல். எங்கள் ஊர்க் கடற்படை விமானத் தளத்தின் பக்கம் கேமராவைத் தூக்கவும் வேண்டாம். நான் இந்த சீசனுக்கும் டி7500ஐத்தான் எடுத்துப் போகிறேன். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகில் போய்ச் செம்பருந்து எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.