கண்காணிப்பு மையமா, சிகிச்சையா, நலோக்சோனா? ஒன்டாரியோவில் அரசுப் பணம் போகவேண்டிய இடம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2024 ஆகஸ்டில் ஒரு முடிவை அறிவித்தது. பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் 200 மீட்டருக்குள் உள்ள போதைப்பொருள் கண்காணிப்பு மையங்கள், அதாவது போதைக்கு அடிமையானவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைச் செவிலியர் பார்வையில் எடுத்துக்கொள்ளும் இடங்கள், 2025 மார்ச் இறுதிக்குள் மூடப்படும் என்றது. ‘ஹார்ட்’ என்ற பெயரில் சிகிச்சை மையங்கள் வரும் என்றும் சொன்னது. அவற்றுக்கு முதலில் ஒதுக்கியது 37.8 கோடி கனடா டாலர். அங்கே மனநல உதவி உண்டு, தங்க இடத்துக்கு வழி உண்டு. கண்காணிப்பு அறை கிடையாது, பழையதைக் கொடுத்துப் புது ஊசி வாங்கும் வசதியும் கிடையாது. 2023இல் மட்டும் அந்த மாகாணத்தில் 2,500 பேருக்கு மேல் ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்) ஓவர்டோஸால், அதாவது அளவு மீறியதால், இறந்திருக்கிறார்கள்.

சரி, எதற்குப் பணம் போகவேண்டும்?

நலோக்சோன் மூக்கில் அடிக்கும் மருந்து, ஊசியாகவும் உண்டு. ஓபியாய்டு ஓவர்டோஸில் நின்றுபோன மூச்சைச் சில நிமிடங்களில் மீட்கும். ஒன்டாரியோ மருந்துக்கடைகளில் 2016 முதல் இலவசம். இதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. ஆனால் மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. தனியாக அறையில் கிடப்பவருக்கு அது மேசைமேல் இருந்தும் பயனில்லை. ஃபென்டனிலோடு தூக்க மருந்தும் கலந்து விற்கிறார்கள்; அந்த மயக்கத்தை நலோக்சோன் தெளிவிக்காது.

அப்போது பக்கத்தில் இருந்து உதவ ஓர் ஆள் வேண்டும்; கண்காணிப்பு மையம் தருவது அந்த ஆளைத்தான். ஆக்சிஜனோடு ஒரு செவிலியர் நிற்கிறார். வான்கூவரில் 2003இல் திறந்த ‘இன்சைட்’ மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. நகரின் மற்ற பகுதிகளில் 9 சதவீதம்தான். குறையும் உண்டு. இப்போது பலர் போதைப்பொருளை ஊசியில் ஏற்றாமல் புகைக்கிறார்கள். பல மையங்களில் அதற்கு இடமில்லை. அக்கம்பக்கத்தாரின் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலையில் டொரண்டோ மையம் ஒன்றின் அருகே நடந்த துப்பாக்கிச் சண்டையில், வழியே நடந்துபோன ஒரு தாய் குண்டு பட்டு இறந்தார். அந்தக் கோபம் நியாயமானது. பாதுகாப்பைக் கூட்டுவதும் இடத்தை மாற்றுவதும் அதற்குப் பதிலாக இருந்திருக்கலாம்.

சிகிச்சை என்று பொதுவாகச் சொல்வதில்தான் எனக்குத் தகராறு. ஓபியாய்டு ஏக்கத்தைத் தணிக்க மருத்துவர் தரும் மெத்தடோன், பூப்ரெனார்ஃபின் மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களின் மரண ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. வெறுமனே போதையை நிறுத்தவைத்து அனுப்புவது வேறு கதை. சில வாரங்களிலேயே உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். அப்புறம் ஒருநாள் பழைய அளவையே எடுத்தால் உயிர் போய்விடும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு நிதி ஒதுக்கக் கூடாது. மருந்து வழிச் சிகிச்சைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

ஆனால் அந்தப் பணத்தைக் கண்காணிப்பு அறையிலிருந்து எடுக்காதீர்கள். சிகிச்சைக்குக் காத்திருப்பவர் அதுவரை உயிரோடு இருக்கவேண்டும். பாதியில் விட்டுப்போனவர் திரும்பி வரவும் ஒரு வாசல் வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றால் தள்ளி ஒரு அறையைத் திறந்துவிட்டுப் பழையதை மூடலாம். ‘ஹார்ட்’ மையங்களுக்குள்ளேயே அந்த அறையை வைக்கலாம். கட்டடமும் செவிலியர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.