வேல்ஸ் மலை ரயில்: ஏப்ரலில் ‘உச்சி வரை’ என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

இங்கிலாந்து நகரங்களிலிருந்து வேல்ஸின் பாரம்பரிய ரயில்களுக்கு ஒருநாள் பேருந்துச் சுற்றுலா நடத்தும் நிறுவனம் ஒன்று, ஓடாத ரயிலுக்கு எங்களிடம் பணம் வாங்கியது. பிறகு பழியைத் தூக்கி வானிலையின் மேல் போட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இந்த வித்தையை அவர்கள் மட்டும்தான் கற்றிருக்கிறார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

விளம்பரம் சொன்னது இதுதான்: மான்செஸ்டரிலிருந்து காலையில் புறப்பாடு, ஸ்னோடன் மலையின் உச்சிக்கு நீராவி ரயில், பிற்பகலில் ஃபெஸ்டினியோக் குறுகிய பாதை ரயிலில் 45 நிமிடப் பயணம், இரவு வீடு. ஆளுக்கு 95 பவுண்டு. நாங்கள் பதிவு செய்த தேதி ஈஸ்டர் விடுமுறையில், ஏப்ரல் நடுவில் வந்தது. மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். மாமனார் தெற்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்னோடன் பாதையும் நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையும் ஆப்ட் எனப்படும் ஒரே பல்சக்கர முறையில் (என்ஜினின் பற்சக்கரம் தண்டவாளப் பல்வரிசையைக் கவ்வி ஏறும்) கட்டப்பட்டவை. அது 1896, நம்முடையது 1899. இரண்டிலும் மலை ஏறும்போது என்ஜின் பெட்டிக்குப் பின்னால் நின்று தள்ளும். இதைச் சொன்ன பிறகு அவரை வேறு எந்த ஊருக்கும் கூட்டிப்போக முடியவில்லை.

அந்த ரயில் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. லான்பெரிஸ் என்ற சிற்றூரிலிருந்து 1,085 மீட்டர் உயர உச்சி வரை பாதையின் நீளம் சுமார் ஏழரை கிலோமீட்டர். ஏற ஒரு மணி நேரம், உச்சியில் அரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். ஆனால் ஆண்டு முழுவதும் உச்சி வரை வண்டி போவதில்லை. குளிர்காலத்தில் சேவை நின்றுவிடும். வசந்தத்தில் மறுபடி தொடங்கும்போது ரயில்கள் முக்கால் தூரத்தில், சுமார் 780 மீட்டர் உயரத்தில் இருக்கும் க்ளோக்வின் நிலையத்தோடு திரும்பிவிடும். மேலே பாதையில் பனி கிடக்கும், பராமரிப்பு வேலை நடக்கும். உச்சிக்கான சேவை வழக்கமாக மே மாதத்தில்தான் திறக்கும், அதுவும் காற்று அனுமதித்தால். இன்னொன்று: நீராவி ரயிலுக்கும் டீசல் ரயிலுக்கும் டிக்கெட் தனித்தனி. நீராவிக்கு விலை கூடுதல். க்ளோக்வின் டிக்கெட், உச்சி டிக்கெட்டைவிட மலிவு. இதில் ரகசியம் எதுவும் இல்லை. ரயில்காரர்களே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

இப்போது எங்கள் நாளுக்கு வருகிறேன். மான்செஸ்டரில் நல்ல வெயில். வட வேல்ஸ் கடற்கரையை ஒட்டிப் போகும்போதும் வெயில்தான். ஆனால் வழியில் தேநீருக்கு நிறுத்திய இடத்திலேயே வழிகாட்டி இளைஞன் ஒலிபெருக்கியை எடுத்து, “மலையில் காற்று பலமாக இருக்கிறதாம், என்ன ஆகும் என்று பார்ப்போம்” என்று கவலையோடு சொன்னான். பரவாயில்லையே, பொறுப்பான பையன் என்று மாமியார் பாராட்டினார். லான்பெரிஸை நெருங்கியதும் உண்மையாகவே மேகம் இறங்கித் தூறல் பிடித்துக்கொண்டது. டிக்கெட்டுகளை எங்கள் கையில் கொடுக்காமல் நடைமேடை வரை தானே வைத்திருந்தான். வந்து நின்றது டீசல் வண்டி. நீராவி எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, “மழையில் நீராவி என்ஜினை ஓட்ட மாட்டார்கள்” என்றான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழைக்கு நீராவி என்ஜினை நிறுத்துவதென்றால் வேல்ஸில் அந்த என்ஜின்கள் கொட்டகையை விட்டு வெளியே வரவே முடியாது. நடைமுறை நேர் எதிர். கோடையில் மழையே இல்லாமல் புல் காய்ந்து கிடக்கும்போதுதான் புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறியால் தீப்பிடிக்கும் என்று சில பாரம்பரிய ரயில்கள் நீராவியை ஒதுக்கிவிட்டு டீசலை மாட்டுகின்றன.

க்ளோக்வினில் வண்டி நின்றது. சுற்றிலும் வெள்ளை மூட்டம். காற்று ஆளைத் தள்ளியது, அதை மறுக்கவில்லை. வழிகாட்டி பெட்டிக்குள் வந்து, காற்றின் காரணமாக இதற்கு மேல் போக அனுமதி இல்லை, இயற்கையை யார் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் அவனுக்கு ஆறுதல்கூடச் சொன்னார். மாமனார் மட்டும் கையில் கிடைத்த டிக்கெட்டைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளை, இதைப் பாருங்கள். காற்றுக்காக இங்கே நிறுத்தினார்கள் என்றால் டிக்கெட்டில் உச்சி என்றல்லவா இருக்க வேண்டும்? இந்த ஸ்டேஷன் பெயர்தானே அச்சடித்திருக்கிறது? எடுத்ததே இதுவரைக்கும்தான்.”

கீழே இறங்கியதும் டிக்கெட் கவுன்டரில் விசாரித்தேன். உச்சிக்கான சேவை இந்தப் பருவத்தில் இன்னும் தொடங்கவே இல்லை என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். எங்கள் குழுவுக்கு எடுத்திருந்தது க்ளோக்வின் வரையிலான டீசல் டிக்கெட். சுவரில் அறிவிப்பே ஒட்டியிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பளிங்கு போல வானம் தெளிந்திருந்தாலும், இலை அசையாமல் இருந்திருந்தாலும், எங்கள் வண்டி க்ளோக்வினில்தான் நின்றிருக்கும்.

இந்தப் பொய் ஏன் எடுபடுகிறது என்றால், அது உண்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. அந்த மலைகளின் வானிலை நிஜமாகவே கணிக்க முடியாதது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஐரிஷ் கடலைத் தாண்டியதும் முதலில் மோதும் சுவர் இதுதான்; மேலே தள்ளப்பட்டுக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. ஸ்னோடனுக்கு அடுத்த முகட்டில், க்ரிப் கோக் என்ற இடத்தில், ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மான்செஸ்டருக்கு மழைநகரம் என்று பெயர், ஆனால் அது ஆயிரத்தையே தொடாது. மலைக்கு மறுபக்கம் லாண்டட்னோ கடற்கரையில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் லான்பெரிஸில் குடை திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறேழு டிகிரி குறைவதால், கீழே சட்டையோடு நிற்பவர் மேலே நடுங்குவார். உச்சி சேவை திறந்திருக்கும் ஜூலை, ஆகஸ்டிலும் காற்று அதிகமானால் வண்டியைக் க்ளோக்வினிலேயே திருப்பிவிடுவார்கள். அது நியாயமான பாதுகாப்பு. உண்மையான வானிலைத் தடங்கலுக்கும் எங்களுக்கு நடந்ததற்கும் உள்ள வேறுபாடு டிக்கெட்டில் அச்சான ஊர்ப்பெயர் ஒன்றுதான். அதைத்தான் கடைசி நிமிடம் வரை எங்கள் கண்ணில் காட்டவில்லை.

பிற்பகல் கதை இன்னும் மோசம், ஆனால் சுருக்கமானது. ஃபெஸ்டினியோக் ரயில் புறப்படும் போர்த்மாடோக் துறைமுக நிலையத்துக்குப் பேருந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஃபெஸ்டினியோக் ரயில்வே 1836-இல் ஸ்லேட் கல் இறக்குவதற்காகத் திறந்த பாதை. கல் ஏற்றிய வண்டிகள் மலைச் சரிவில் தம் பாரத்தாலேயே உருண்டு வரும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துப் போகும். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடிகூட முழுசாக இல்லை. 1946-இல் மூடியதை ஆர்வலர்கள் 1955 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். இடையில் ஒரு பகுதியை நீர்மின் நிலையத்தின் நீர்த்தேக்கம் விழுங்கிவிடவே, மலையைக் குடைந்து, பாதையைச் சுருளாக வளைத்து மேலேற்றி, 1982-இல் மேல்முனை ஊரான பிளைனை ஃபெஸ்டினியோக் வரை கொண்டு சேர்த்தார்கள். இவ்வளவையும் மாமனாரிடம் பேருந்தில் கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வழிகாட்டி மறுபடியும் ஒலிபெருக்கியை எடுத்தான்: மழையால் ரயில் சேவை பாதிக்கப்பட்டுள்ளது, நிலையத்தைச் சுற்றிப் பார்க்க 40 நிமிடம் தருகிறோம். அவன் பேசி முடிப்பதற்குள், இரு பக்கமும் புகைபோக்கி வைத்த ஃபேர்லி என்ஜின் ஒன்று நீளமாகக் கூவிவிட்டு, பயணிகளோடு எங்கள் கண்முன்னே புறப்பட்டுப் போனது. பேருந்தில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கவுன்டரில் கேட்டால், அந்த நிறுவனத்தின் பெயரில் அன்றைக்கு எந்தப் பதிவுமே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இந்தத் திட்டம் நடக்காது என்று தெரியும். மான்செஸ்டரிலிருந்து லான்பெரிஸுக்குப் பேருந்தில் நிறுத்தத்தோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். உச்சிப் பயணம் இரண்டரை. போர்த்மாடோக் போக முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பதின்மூன்றரை மைல் ஃபெஸ்டினியோக் பாதையில் ஒரு பக்கம் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 45 நிமிடத்தில் அது முடியாது. சாப்பாடு, கழிப்பறை, காத்திருப்பு எதுவும் இதில் சேரவில்லை. பிறகு மான்செஸ்டர் திரும்ப வேண்டும். ஒரே நாளில் இரண்டு மலை ரயில் என்று எவர் விற்றாலும் அதில் ஒன்று வெறும் வேடிக்கை பார்ப்பதாகத்தான் முடியும்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது அவர்கள் அனுப்பிய பதில், வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற ஒரு பத்தியும் அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடியும். யார் அடுத்த பயணம் போகிறார்கள்! இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். சுற்றுலாத் தொகுப்புகளுக்கான 2018-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விதிகள் நல்ல பாதுகாப்பைத் தருகின்றன; ஆனால் 24 மணி நேரத்துக்குள் முடிகிற, இரவுத் தங்கல் இல்லாத பயணம் அதில் வராது. ஒருநாள் சுற்றுலாக்காரர்களுக்கு இது வசதி. கடன் அட்டையில் கட்டினால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு காப்பாற்றும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்தப் பிரிவு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான் செல்லும், அதுவும் தனி ஒரு பொருளின் விலை. ஆளுக்கு 95 என்பதால் வங்கி அதை ஏற்கவில்லை. அந்த 95 தற்செயலா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

மிச்சமிருந்தது இரண்டு வழி. ஒன்று, 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம்: விற்பவர் சேவையைப் பற்றிச் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அவர் சொன்னது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும், தராவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். விளம்பரத்தில் ‘உச்சி’ என்றும் ‘நீராவி’ என்றும் இருந்த பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. புகார் போன மறுநாளே அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டார்கள். மற்றொன்று, வங்கி மூலம் அட்டைப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக். இதற்கு 100 பவுண்டு வரம்பு இல்லை, ஆனால் பெரும்பாலும் 120 நாள் கெடு உண்டு. சுவர் அறிவிப்பின் படம், க்ளோக்வின் டிக்கெட், விளம்பரத்தின் படம் மூன்றையும் அனுப்பினேன். ஒரு பகுதி பணம் திரும்பியிருக்கிறது. மீதிக்கு நிறுவனம் மறுப்புத் தெரிவித்திருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. அவர்கள் விவரத்தை வணிகக் கண்காணிப்பு அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள்.

போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாமனார் க்ளோக்வினில் இறங்கித் தண்டவாளத்தின் பல்வரிசையைக் குனிந்து பார்த்த பத்து நிமிடத்துக்கே 95 பவுண்டு தகும் என்கிறார் என் மனைவி. இடைத்தரகர் இல்லாமல் போங்கள், அவ்வளவுதான். இரண்டு ரயில்வேக்களும் நேரடியாகவே டிக்கெட் விற்கின்றன. பாரம்பரிய ரயில்களில் நாளுக்கு ஒரு கால அட்டவணை; சில நாட்களில் ஒரே ஒரு வண்டி, சில நாட்களில் எதுவும் இல்லை. ஆகவே முதலில் தேதியைப் பார்த்துவிட்டு, அப்புறம் ஊரைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் ஸ்னோடன் அடங்கிய எரரி மலைகளுக்கென்று தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அடிவார ஊரின் முன்னறிவிப்பை வைத்து உச்சியை முடிவு செய்யாதீர்கள். ஃபெஸ்டினியோக்குக்குக் கார் இல்லாமலும் போகலாம்: லாண்டட்னோ ஜங்ஷனிலிருந்து கான்வி பள்ளத்தாக்கு வழியாகச் சாதாரண ரயில் பிளைனை ஃபெஸ்டினியோக் வரை போகிறது, குறுகிய பாதை ரயில் அதே நிலையத்தில் நிற்கும். அந்தப் பாதையும் வெள்ளத்துக்குப் பெயர்போனது. 2019 மார்ச்சில் அடித்துப்போனதைச் சரிசெய்து திறந்தார்கள், அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் அடித்துப்போயிற்று. கிளம்பும் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஏதாவது குழுவில் பணம் கட்டியிருந்தால் இன்றே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த நிலையம் வரை டிக்கெட், நீராவியா டீசலா, பதிவு எண் என்ன. தொலைபேசியில் சொல்வதை ஏற்காதீர்கள். பதிவு எண் கிடைத்தால் ரயில்வேக்கே எழுதிச் சரிபார்க்கலாம். கிடைக்காவிட்டால் பயணத் தேதிக்கு முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் பயணம் போய் வந்த பிறகு அவர்கள் கையில் வானிலை என்ற பதில் தயாராக இருக்கும்.